ஞாயிற்றுக்கிழமை வண்டி இருக்காது

சைரன் சத்தம் கேட்டதும், முன்னால் போய்க்கொண்டிருந்த குட்டியானை மரியாதையாக ஓரம் கட்டி நின்றது.

குட்டியானை என்றால் எங்கள் பக்கத்தில் காயலாங்கடை இரும்பு முதல் கல்யாண வீட்டுப் பாத்திரம் வரை சுமக்கிற சின்ன சரக்கு வண்டி. ஆம்புலன்ஸ் வந்தால் வழி விடவேண்டும் என்று அதன் டிரைவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடது பக்க மண்ணில் வண்டியை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டி, "போங்க, போங்க" என்று எங்களுக்குச் சைகை காட்டினார்.

நாங்கள் தேடிக்கொண்டு வந்த ஆள் அந்தக் குட்டியானையின் பின்பக்கத்தில்தான் கிடந்தான்.

தகரத் தரைக்கு வெளியே இரண்டு கால்கள் தொங்கின. ரப்பர் பூட்ஸ் போட்ட கால்கள். ஒன்று கறுப்பு, இன்னொன்று மஞ்சள். ஸ்டியரிங்கில் இருந்த முனிரத்தினம் "அக்கா" என்று மட்டும் சொன்னான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறுகிற ரோட்டில் நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நடந்து ரொம்ப வருஷமெல்லாம் ஆகிவிடவில்லை.

போன வாரம் தீயணைப்பு வண்டியின் பம்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "வண்டிக்கு ஆயில் மாற்றுவதையெல்லாம் ஒரு வாழ்க்கை என்று எழுதுகிறீர்களே அம்மா" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் ஐயா, அதுதான் என் வாழ்க்கை. பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலன் படியுங்கள். இந்த வாரமும் ஆயில் மாற்றுவதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதை எந்தக் கிழமையில் மாற்றுவது என்பதைப் பற்றி.

ஓடாத வண்டிக்கு வரும் நோய்

தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பேட்டையிலுள்ள கம்பெனிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. சங்கத்துக்கு ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு ஆம்புலன்ஸ். இரண்டையும், உள்ளே இருக்கிற ஆக்ஸிஜன் சிலிண்டர், ஸ்ட்ரெச்சர் வகையறாக்களையும், கூப்பிட்ட நிமிஷம் கிளம்புகிற நிலையில் வைத்திருப்பது என் வேலை. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த பொம்பளை என்று ஆரம்பத்தில் என்னை வேடிக்கை பார்த்தார்கள். நான் திட்ட ஆரம்பித்ததும் வேடிக்கை பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு முன்னால் இருந்தவர் கிலோமீட்டர் கணக்கில் சர்வீஸ் செய்துகொண்டிருந்தார். இத்தனை ஓடினால் ஆயில், இத்தனை ஓடினால் பெல்ட். ஊர் சுற்றுகிற டாக்சிக்கு அது சரி. எங்கள் ஆம்புலன்ஸ் ஓடுவதே கொஞ்சம். பொன்னேரி வரை ஒரு ஓட்டம், எப்போதாவது சென்னை. மற்ற நாளெல்லாம் நின்ற இடத்திலேயே இன்ஜின் உறுமும், ஏ.சி. ஓடும், விளக்கு எரியும். கிலோமீட்டர் ஏறாது, வண்டி மட்டும் கெட்டுக்கொண்டே இருக்கும்.

பேட்டையின் காற்று வேறு. ஒரு பக்கம் உருக்காலைத் தூசி, மறுபக்கம் பழவேற்காட்டிலிருந்து உப்புக் காற்று. காலையில் துடைத்த பானெட்டில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். பேட்டரி முனையில் பச்சை பூத்துவிடும். ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளாமல் கீச்சென்று இழுபடும். அதனால் வந்த வருஷமே கிலோமீட்டரைத் தள்ளிவிட்டு மாதக் கணக்குக்கு மாற்றினேன். "ஓடாத வண்டிக்கு எதுக்கு மேடம் இவ்ளோ செலவு?" என்றார்கள். ஓடாததால்தான் என்றேன். முறைத்தார்கள்.

தீயணைப்பு வண்டியின் கதை இன்னும் மோசம். தீயை அணைத்ததைவிடத் தீமிதித் திருவிழாவில் அது தண்ணீர் பீய்ச்சியதுதான் அதிகம். திருவிழாக் காலம் வந்தால் சுற்றுப்பட்டுத் திரௌபதி அம்மன் கோவில் ஒன்று விடாமல் ஆள் வந்து கேட்பார்கள். பாதுகாப்புக்கு நிற்கட்டும் என்று சங்கமும் அனுப்பிவிடும். அங்கே போனால் கூட்டத்துக்கு வெயில் தணிய, நின்றபடியே பம்ப் மணிக்கணக்கில் ஓடும். திரும்பி வரும்போது நெற்றியில் மஞ்சள் குங்குமம், தொட்டிக்குள் ஏரிச் சேறு.

நான் கிறிஸ்தவச்சி. வாயைத் திறந்தால் வேறு அர்த்தம் வந்துவிடும். ஆகவே, பம்ப் ஓடிய நேரத்தைப் பார்த்து சர்வீஸ் என்று அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்த எனக்கு ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையை.

கறுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று

ஆம்புலன்ஸைப் பிரிப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஒரு வாரம் பிரேக், ஒரு வாரம் ஆயில், இன்னொரு வாரம் சிலிண்டர்களை இறக்கி நிரப்ப அனுப்புவது என்று வாராவாரம் ஏதாவது இருக்கும். பேட்டைக்கே லீவு, அன்றைக்கு யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்பது எல்லோருடைய எண்ணம். எனக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். நானும் அதைச் சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏழுமலை டீ குடிக்க வரும் வரை.

ஏழுமலை எங்கள் டிரைவர் முனிரத்தினத்தின் தங்கை கஸ்தூரியைக் கட்டியவன். பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக்காரன். கல்யாணத்துக்கு அப்புறம் இங்கே வந்து, கான்ட்ராக்டில் தொட்டி கழுவுகிற வேலையில் சேர்ந்துவிட்டான். ஒரு ஜோடி பூட்ஸில் இடது கிழிந்தது, இன்னொரு ஜோடியில் வலது கிழிந்தது. மிச்சம் இரண்டையும் சேர்த்து மாட்டிக்கொண்டான். கறுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று.

"இன்னாடா இது கோலம்?" என்று கேட்டால், "தூரத்துல வரப்பவே எங்க மச்சானுக்கு அடயாளம் தெரியணும் இல்ல? அதுக்குத்தான்" என்பான்.

ஞாயிறு காலையில் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் ஷெட்டில் ஒரு டீ. ஜாக்கி மேல் நிற்கும் ஆம்புலன்ஸைப் பார்த்து தினுசு தினுசாகக் கிண்டல். அப்படி ஒரு காலையில்தான் கேட்டேன், லீவு நாளில் உனக்கு என்ன வேலை என்று.

"உங்க ஆபீசருங்களுக்குத்தான் யக்கா ஞாயித்துக்கெயம லீவு. மிசினு நின்னாத்தான எங்களுக்கு ஜோலி? தொட்டி கயுவறது, பைப்பு மாத்தறது, மேல ஏறி வெல்டிங்கு வெக்கறது, அல்லாம் அன்னிக்குத்தான்."

"அப்ப எவனுக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா இன்னா? எங்க மச்சான் வண்டியப் பிரிச்சிப் போட்டுக்கினு குந்திக்கினு கீறாரு. நாங்க திங்கக்கெயம வரைக்கும் பொறுத்துக்கினு கெடக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். முனிரத்தினமும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பேட்டையை ஒரு சுற்று சுற்றினேன். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஆபீஸ் கதவுகள் பூட்டியிருந்தன. பின்பக்க கேட்டெல்லாம் திறந்திருந்தது. கூரை மேலே ஆள், தொட்டிக்குள்ளே ஆள், குழாய்க்கு அடியிலே ஆள். பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள்.

வாரத்திலேயே ஆபத்தான வேலையெல்லாம் நடக்கிற நாளாகப் பார்த்து நாங்கள் ஆம்புலன்ஸின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தோம். என் அப்பாவும் ஒரு இரும்பாலையில் இப்படி ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனவர்தான். பொன்னேரிப் பக்கம் மற்றவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், பேட்டை வந்ததும் பேன்ட் போட்டார். சர்ச்சுக்கு ஏன் வரவில்லை என்று பாஸ்டர் கேட்கும்போதெல்லாம் "ஷட்டவுன் ஐயா, ஷட்டவுன்" என்று தலையைச் சொறிவார். மெஷினை நிறுத்திவிட்டு ஆளை உள்ளே இறக்குவது என்ற அந்த வார்த்தையின் அர்த்தம் இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்குச் சரியாக விளங்கியது.

மேடத்துக்கு சர்ச்சு

சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஆம்புலன்ஸ் சர்வீஸை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றவேண்டும்.

செயலாளர் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு டிரைவர்கள் வீட்டுக்குத் தானே போய் ஸ்வீட் கொடுப்பவர். ஆனால் எதையும் பாதியில் கேட்பார்.

"புரியுது மேடம், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு சர்ச்சுக்குப் போகணும். அதைச் சொன்னா போதுமே, நாங்க என்ன வேண்டாம்னா சொல்லப்போறோம்? வேற ஆள் போட்டுக்கலாம்."

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பிஸ்கட் தின்றுகொண்டே சிரிக்கிற சிரிப்பு. எனக்கு வந்ததே கோபம்! காது இரண்டும் சுட்டது. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஞாயிறு ஆராதனையை நான் பார்த்ததே அபூர்வம், ஒரு நாள் குறை சொன்னதில்லை. இன்றைக்கு மற்றவர்கள் உயிருக்காகப் பேசினால் என் பைபிள் பையைப் பார்க்கிறார்கள்.

"எனக்கு சர்ச்சு இல்ல சார். ஞாயித்துக்கிழமை தொட்டிக்குள்ள ஆளு இருக்கு" என்றேன்.

"அதெல்லாம் கான்ட்ராக்டர் பொறுப்பு. அவங்க பார்த்துப்பாங்க."

அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அதற்கு அடுத்த கூட்டத்திலும் கேட்டேன். அதற்கு அடுத்ததிலும் கேட்டேன். "மேடம் சர்ச்சு மேட்டரை விடமாட்டாங்க" என்று அது ஒரு நிரந்தர ஜோக்காகிவிட்டது. முனிரத்தினமே ஒரு நாள், "வுட்டுடுக்கா, இன்னாத்துக்கு பேஜாரு?" என்றான். நான் அவன்மேல் வள்ளென்று விழுந்தேன். பாவம், அவன் எனக்காகத்தான் சொன்னான்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஒரு டீசல் ஃபில்டர். ஒரு ஞாயிறு வண்டியைப் பிரித்த பிறகுதான் ஃபில்டரின் உள்ளே துரு இறங்கியிருந்தது தெரிந்தது. புதிது வாங்கப் போனால் கும்மிடிப்பூண்டியில் ஸ்பேர் கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. கவரப்பேட்டை வரை போய்ப் பார்த்தும் பிரயோஜனமில்லை. வண்டி திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடை திறக்கும் வரை அப்படியே கிடந்தது. திங்கட்கிழமை காலை ஒரு கம்பெனி மேனேஜருக்கு நெஞ்சுவலி. வாயுத் தொல்லைதான், காரிலேயே போய்ப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் சங்கம் ஆடிப்போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை ஸ்பேர் கிடைக்காது சார். புதன்கிழமைன்னா எல்லாக் கடையும் திறந்திருக்கும்" என்று சொன்னேன்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்!" என்றார் செயலாளர்.

ஆள் இருக்கிறான் என்றபோது ஏறாதது, ஃபில்டர் கிடைக்காது என்றபோது சட்டென்று ஏறிவிட்டது. வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை.

நாலு கால்ல நிக்கிது

கிழமையை மட்டுமல்ல, முறையையும் மாற்றினேன். இனி எந்தக் கிழமையானாலும் ஒரே நேரத்தில் ஒரு சக்கரம்தான் கழற்றவேண்டும். ஒரு பக்க பிரேக்கை முடித்து மாட்டிய பிறகுதான் மறுபக்கம். சிலிண்டர்களில் பாதி நிரப்பப் போனால் பாதி வண்டியில் இருக்கவேண்டும். கூப்பிட்டால் ஜாக்கியை இறக்கிவிட்டுக் கிளம்ப முடியவேண்டும். வேலை இழுத்தது, முனிரத்தினம் முனகினான். ஆனால் செய்தான்.

புது ஏற்பாட்டின் முதல் ஞாயிறு ஏழுமலை வந்தான். ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா யக்கா, இன்னிக்கு வண்டி நாலு கால்ல நிக்கிது!"

சொன்னேன். இனிமேல் ஞாயிறுகளில் வண்டி இருக்கும், உன்னால்தான்டா இது நடந்தது என்றேன். அவன் நம்பவில்லை. "மெய்யாலுமா?" என்று வண்டியைச் சுற்றிவந்தான். டயரை அந்த மஞ்சள் பூட்ஸால் ஒரு தட்டுத் தட்டினான்.

"இனிமே தகிரியமா உள்ள எறங்கலாம்" என்றான். டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

சங்கம் எல்லா கம்பெனிக்கும் தகவல் அனுப்பியது. ஆங்கிலத்தில், மெயிலில். ஞாயிறுகளில் உதிரிபாகம் கிடைக்காத காரணத்தால் சர்வீஸ் புதன்கிழமைக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. கான்ட்ராக்டர்களுக்கும் வாட்ச்மேன்களுக்கும் சொல்லவேண்டும், கேட்டில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டவேண்டும் என்றேன்.

"எல்லா கம்பெனிக்கும் போயாச்சு மேடம். அவங்க கீழ சொல்லிப்பாங்க" என்றார் செயலாளர்.

அந்தக் கீழே என்பது எவ்வளவு கீழே என்று யாரும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெயில் பார்க்கிறவன் பேட்டையில் இல்லை. பேட்டையில் இருக்கிறவனுக்கு மெயில் இல்லை.

அந்தக் காலை

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு. ஏழுமலை வழக்கம்போல டீ குடித்துவிட்டுப் போனான். எந்தக் கம்பெனி என்று பெயர் வேண்டாம். எங்கள் ஷெட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

நானும் முனிரத்தினமும் நாஷ்டா பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தோம். ஒரு குட்டியானை ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்தது. பின்னால் ஒரு பையன் குந்தியபடி சிவப்புத் துண்டை வீசிக்கொண்டிருந்தான். அவன் முதுகுதான் தெரிந்தது.

"அக்கா, அடிபட்ட கேசு போல கீது" என்றான் முனிரத்தினம்.

"நம்ம வண்டி இங்க நிக்கும்போது அவன் ஏன்டா அதுல போறான்?" என்றேன். கேட்டுக்கொண்டே ஏறிவிட்டேன். முதல் திருகிலேயே இன்ஜின் பிடித்தது. அதுதான் என்னை இன்றுவரை அறுக்கிறது. பேட்டரி நன்றாக இருந்தது. டயரில் காற்று சரியாக இருந்தது. சிலிண்டர் நிறைந்திருந்தது. ஒரு குறை இல்லை அந்த வண்டியில்.

விரட்டிக்கொண்டு போனோம். சைரன் போட்டோம். குட்டியானை வழி விட்டது. அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

முனிரத்தினம் வண்டியை அதன் முன்னால் மறித்து நிறுத்திவிட்டுக் குதித்தான். குட்டியானை டிரைவர் ஆரம்பாக்கத்துப் பக்கம், வயசானவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நைனா, நீ வேற கேசுக்குப் போறேன்னு வழி வுட்டேன் நைனா" என்றார்.

"ஏன்யா எங்களக் கூப்புடல? பக்கத்துலதானய்யா கீறோம்!"

"ஞாயித்துக்கெயம வண்டி இருக்காதுன்னு வாட்ச்மேன் சொன்னான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான? அதான் நான் வண்டில இருந்த இரும்ப இறக்கிப் போட்டுட்டு ஏத்திக்கினு வரேன்."

இரும்பை இறக்கிப் போட்டிருக்கிறார்கள். கழிவுத் தொட்டிக்குள் மயங்கி விழுந்தவனைக் கயிறு கட்டி மேலே தூக்கிவிட்டு, அவனைத் தரையில் கிடத்திவிட்டு, ஒரு வண்டி காயலாங்கடை இரும்பை ஒவ்வொன்றாக இறக்கியிருக்கிறார்கள். கூட இருந்த பையன்கள் இரண்டு பேரும் அந்த வாரம்தான் வேலைக்கு வந்தவர்கள். தமிழ் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் இருக்கிறது என்று அந்த இடத்தில் தெரிந்திருந்தவன் ஒரே ஒருத்தன். அவனைத்தான் கீழே கிடத்தியிருந்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் மாற்றினோம். நான் பின்னால் ஏறி மாஸ்க்கை வைத்து ஆக்ஸிஜனைத் திறந்தேன். நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். முதலுதவிப் பயிற்சி எங்கள் இருவருக்கும் உண்டு. அதனால் எனக்குத் தெரிந்தது. மாஸ்க்கில் ஆவி படியவில்லை.

"அக்கா, மாப்ள இன்னா பண்றாரு?" முன்னாலிருந்து முனிரத்தினம்.

"மூச்சு கீது. நீ ரோட்டப் பாரு."

"அக்கா?"

"கீதுன்னு சொல்றேன் இல்ல? ஓட்டுடா!"

பொன்னேரி போய்ச் சேரும் வரை கேட்டுக்கொண்டே வந்தான். நானும் அழுத்திக்கொண்டே, அதையே சொல்லிக்கொண்டு போனேன். பெற்ற தாயிடம்கூட அப்படிக் கூசாமல் பொய் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கியதும் டாக்டர் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும்மா" என்றார். முனிரத்தினம் ஏழுமலையின் பூட்ஸ் இரண்டையும் கழற்றி, ஜோடியாகச் சேர்த்துச் சுவரோரம் வைத்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

சைரன் சோதனை

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் சங்கக் கூட்டம். எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். உட்கார்ந்ததும் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"பாருங்க மேடம், தப்பா நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வண்டி ரெடியா நின்னும் யூஸ் ஆகலையே. புதன்கிழமை வண்டிய கழட்டினா கம்பெனிங்க பயப்படறாங்க. பழையபடி ஞாயிறே வச்சுக்கலாமா?"

நான் என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. மேஜையைத் தட்டியது ஞாபகமிருக்கிறது. "யூஸ் ஆவலன்னு மூடிட்டுப் போறதுக்கு இது இன்னா பொட்டிக்கடையா சார்?" என்று எங்கள் ஊர்ப் பேச்சே வாயில் வந்துவிட்டது. பிஸ்கட் தின்றவர்கள் தின்பதை நிறுத்தினார்கள். யாரும் சர்ச் ஜோக் சொல்லவில்லை. புதன்கிழமை புதன்கிழமையாகவே இருந்தது.

இன்னொன்றும் கேட்டேன். ஞாயிறு காலையில் ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு பேட்டைத் தெருக்களை ஒரு சுற்று வரவேண்டும், வண்டி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியவேண்டும்.

"நோயாளி இல்லாம சைரன் போடறது ரூல் இல்லையே மேடம்."

"நோயாளிக்காக இல்ல சார். சைரன் வேலை செய்யுதான்னு பாக்கணும். பராமரிப்புல அதுவும் சேர்த்திதான்."

அவர் சரியென்று தலையை ஆட்டினார். அன்றைக்கு மட்டும் அவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். அட்டவணையில் நானே எழுதிச் சேர்த்தேன்: சைரன் சோதனை, ஞாயிறு காலை, ஓடும் வண்டியில்.

முதல் ஞாயிறு ஆட்கள் பதறிப்போய் கேட்டுக்கு ஓடிவந்தார்கள். கூரை மேலிருந்தவர்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாருக்கு, யாருக்கு என்று கேட்டார்கள். முனிரத்தினம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினான்.

"யாருக்கும் ஒன்னியும் இல்ல! வண்டி கீது! ஞாயித்துக்கெயமையும் வண்டி கீது!"

தெருவுக்குத் தெரு கத்தினான். கண்ணீர் வழிவதைத் துடைக்கக்கூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்தேன்.

கஸ்தூரி இப்போது பேட்டையில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள். அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. சுற்று வரும்போது சில நாள் கேட்டருகே வந்து நிற்பாள். ஒரு தடவை வண்டியை நிறுத்தி இறங்கினேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஊட்டுக்கு வந்து எம்மாம் சந்தோசமா சொன்னாரு தெரியுமா? இனிமே ஞாயித்துக்கெயம வண்டி கீதாம், நான் சொல்லித்தான் அக்கா செஞ்சாங்கன்னு" என்றாள். பிறகு புடவைத் தலைப்பில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குத் தெரியும்க்கா. பேச முடிஞ்சிருந்தா சொல்லியிருப்பாரு" என்றாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

போன ஞாயிறும் சுற்றுக்குப் போனோம். நெடுஞ்சாலைக்கு ஏறுகிற ரோட்டில், முன்னால் போன ஒரு குட்டியானை எங்கள் சத்தம் கேட்டு ஓரம் கட்டியது. டிரைவர் கையை நீட்டிப் போகச் சொன்னார். முனிரத்தினம் போகவில்லை. எப்போதுமே போகமாட்டான். வேகத்தைக் குறைத்து, அதற்குச் சமமாக வண்டியைக் கொண்டுவந்து, எக்கி அதன் பின்பக்கத்தைப் பார்த்தான். நானும் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

"செங்கல்லுக்கா" என்றான்.

"சரி, போ" என்றேன்.